நீலத் தொட்டியில் எதைப் போடுவது? வாசலில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

எங்கள் கவுண்டிக்கு (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) மறுசுழற்சி விழிப்புணர்வுக்கென்று கூட்டாட்சி அரசின் கிராண்ட், அதாவது நிதியுதவி, கிடைத்த பிறகு, தமிழ்க் குடும்பங்கள் அதிகம் இருக்கும் தெருக்களுக்கு என்னை அனுப்புகிறார்கள். கதவைத் தட்டினால், மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியைப் பற்றிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோர் கேட்பதும் அவையேதான். அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் விதி மாறும் என்பதால், இங்கே சொல்வதற்கும் உங்கள் ஊர்ப் பட்டியலுக்கும் முரண் வந்தால் ஊர்ப் பட்டியலையே பின்பற்றுங்கள்.

நீல பின்ல என்னதான் போடணும்? ஒரே வரியில சொல்லுங்க.

காகிதம், அட்டைப்பெட்டி, உலோக டப்பா, பிளாஸ்டிக் பாட்டில். இந்த நான்கும் ஏறக்குறைய எல்லா ஊரிலும் உண்டு. கண்ணாடியைச் சில ஊர்களில் எடுப்பார்கள், சில ஊர்களில் தனியாகக் கொண்டுபோய்ப் போட வேண்டும். லாரிக்குள் உடைந்த கண்ணாடிச் சில்லு காகிதத்தோடு கலந்தால் காகித ஆலைக்குப் பெரிய தொல்லை, அதனால்தான் இந்தத் தயக்கம்.

இந்த நான்கை மட்டும் சரியாகப் போட்டால்கூட உங்கள் பங்கில் பெரும்பகுதி முடிந்தது. மீதிப் பொருட்களைப் பற்றித்தான் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

பக்கத்து டவுன்ல இருக்கற என் தங்கச்சி தயிர் டப்பா போடறா. இங்க மட்டும் ஏன் கூடாது?

உங்கள் தொட்டி போய்ச் சேரும் பிரிப்பு ஆலை வேறு, தங்கை வீட்டுத் தொட்டி போகும் ஆலை வேறாக இருக்கலாம். எந்தப் பொருளை எடுப்பது என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: அதைப் பிரிக்க அந்த ஆலையில் இயந்திரம் இருக்கிறதா, பிரித்த பிறகு வாங்க ஆள் இருக்கிறாரா. வாங்க ஆளில்லாத பிளாஸ்டிக்கை எவ்வளவு அழகாகப் பிரித்து அடுக்கினாலும் அது குப்பைதான்.

வீடு மாறும்போது பழைய ஊரின் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறோம். புது ஊரின் பட்டியலை முதல் வாரத்திலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரும்பாலான நகராட்சிகள் படத்தோடு ஒரு பக்கத்தில் வைத்திருக்கின்றன.

அடியில முக்கோணம் இருந்தா போடலாம்தானே அக்கா?

இல்லை. அதிகமாகக் கேட்கப்படும் கேள்வியும் அதிகமாகத் தவறாக நம்பப்படும் விஷயமும் இதுதான். மூன்று அம்பு சுற்றும் சின்னத்தை 1970ல் கேரி ஆண்டர்சன் என்ற கல்லூரி மாணவர் ஒரு காகிதப்பெட்டி நிறுவனம் நடத்திய போட்டிக்காக வரைந்தார். அதே வடிவத்துக்குள் 1 முதல் 7 வரை எண் போடும் வழக்கம் 1988ல் பிளாஸ்டிக் தொழில் சங்கத்திலிருந்து வந்தது. அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இது எந்த வகைப் பிளாஸ்டிக். உங்கள் ஊரில் எடுப்பார்களா என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

குழப்பத்தைப் பார்த்து 2013ல் தரநிர்ணய அமைப்பு, எண்ணைச் சுற்றி அம்புக்குப் பதிலாகச் சாதாரண முக்கோணம் போதும் என்று மாற்றியது. ஆனால் பழைய அச்சுகள் இன்னும் ஓடுகின்றன, அம்பும் நம் அடுக்களையில் இன்னும் சுற்றுகிறது. உண்மையில் மறுசுழற்சி ஆகாத பொருளில் அம்புச் சின்னம் போடுவதைக் கட்டுப்படுத்தி கலிஃபோர்னியா 2021ல் சட்டமே இயற்றியது.

அதனால் எண்ணை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள். கழுத்து குறுகிய பாட்டில், கைப்பிடி வைத்த பால் கேன் இவை எங்கும் ஓடும். அதே 1ஆம் எண் போட்ட மூடிபோட்ட பழப்பெட்டி பல ஊர்களில் ஓடாது.

கழுவித்தான் போடணுமா? தண்ணி வீணாகுமே.

பளபளவென்று தேய்க்க வேண்டாம். மிச்சத்தை வழித்துவிட்டு, பாத்திரம் அலம்பிய தண்ணீரிலேயே ஒரு சுற்று ஆட்டிக் கொட்டினால் போதும். ஊறுகாய் பாட்டிலில் எண்ணெய் அப்படியே இருந்தால் அது பக்கத்தில் இருக்கும் காகிதத்தையும் கெடுக்கும், அதற்காகத்தான் கழுவச் சொல்வது. ஒட்டியிருக்கும் லேபிளைப் பிய்க்க வேண்டாம். ஈரம் வடிந்த பிறகு போடுங்கள்.

பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியைத் திருகி மூடியே போடலாம் என்றுதான் இப்போது பெரும்பாலான ஊர்களில் சொல்கிறார்கள். தனியாகப் போட்ட மூடி சல்லடை வழியே கீழே விழுந்து குப்பையோடு போய்விடும்.

எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு நல்லா முடிச்சு போட்டு வச்சா சுத்தமா இருக்குமேன்னுதான்...

நம் வீடுகளில் இதுதான் முதல் பிரச்சினை, அதுவும் நல்லெண்ணத்தால் வருவது. குப்பையைக் கட்டிப்போடுவது மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நீலத் தொட்டிக்குள் பிளாஸ்டிக் கவர் வரவே கூடாது.

லாரி கொட்டிய சரக்கு முதலில் ஒரு நகரும் பட்டைக்கு வரும். அங்கே தொழிலாளர்கள் நின்று பெரிய கோளாறுகளைக் கையால் எடுப்பார்கள். பிறகு வரிசையாகச் சுழலும் தட்டுகள். தட்டையான அட்டையும் காகிதமும் அவற்றின் மேலேயே நகர்ந்துபோகும், பாட்டிலும் டப்பாவும் இடைவெளியில் கீழே விழும். இரும்பைக் காந்தம் இழுக்கும். அலுமினியத்தை ஒரு சுழல் மின்னோட்டக் கருவி தள்ளிவிடும். பிளாஸ்டிக்கை அகச்சிவப்பு ஒளி பார்த்து வகை பிரித்து, காற்றை ஊதித் தனித்தனியாக அனுப்பும். கடைசியில் எல்லாம் அழுத்திக் கட்டிய பொதிகளாக விற்பனைக்குப் போகும்.

அந்தச் சுழலும் தட்டுகளில் பிளாஸ்டிக் கவர் சீப்பில் முடி சுற்றுவதுபோல் சுற்றிக்கொள்ளும். இடைவெளி அடைபட்டால் பாட்டில் கீழே விழாது, எல்லாம் காகிதத்தோடு போகும். அப்புறம் ஆலையை நிறுத்தி, ஆட்கள் உள்ளே இறங்கி, கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். ஆபத்தான வேலை. கட்டிய கவருக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க நகரும் பட்டையில் நேரமும் கிடையாது. ஊசி இருக்கலாம் என்ற பயத்தில் பல ஆலைகளில் மூட்டையை அப்படியே குப்பைக்குத் தள்ளிவிடுவார்கள். நீங்கள் கழுவிய பாட்டில்களும் சேர்ந்தே போகும். எனவே உதிரியாகக் கொட்டுங்கள். வீட்டுக்குள் சேர்த்து வைக்க ஒரு அட்டைப்பெட்டியோ பழைய வாளியோ போதும்.

அப்போ அந்தக் கவரையெல்லாம் என்ன பண்றது? கடை வாசல்ல ஒரு பெட்டி வச்சிருக்காங்களே?

சில பெரிய கடைகளில் கவர் போடும் பெட்டி உண்டு. அதில் போடுவது நீலத் தொட்டியில் போடுவதைவிட நல்லது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2023ல் ஏபிசி நியூஸ் இப்படிப்பட்ட பெட்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவிகளைக் கவரோடு போட்டுப் பின்தொடர்ந்தபோது, பல கவர்கள் குப்பைக்கிடங்குக்கும் எரிக்கும் ஆலைக்கும் போனது தெரியவந்தது. வாங்காமல் இருப்பதும், வாங்கியதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதும்தான் இதற்கு வழி. இந்த ஒன்றில் துணிப்பை வைத்திருக்கும் நம் அம்மாக்கள் யாரும் சொல்லாமலே ஜெயித்துவிடுகிறார்கள்.

பேட்டரி? உலோகம்தானே அதுவும்?

வேண்டவே வேண்டாம். நீலத் தொட்டியிலும் வேண்டாம், குப்பைத் தொட்டியிலும் வேண்டாம். பழைய போன், வேப் என்னும் மின்சிகரெட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, பிள்ளைகளின் ரிமோட் கார் எல்லாவற்றுக்குள்ளும் பேட்டரி உண்டு. லித்தியம் பேட்டரி லாரிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும், சுற்றிலும் இருப்பது காய்ந்த காகிதம். 2013 முதல் 2020 வரை 64 கழிவு நிலையங்களில் இந்த பேட்டரிகளால் ஏற்பட்ட, அல்லது ஏற்பட்டிருக்கக்கூடிய, 245 தீ விபத்துகளைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ பட்டியலிட்டிருக்கிறது.

இரு முனையிலும் டேப் ஒட்டி, கவுண்டியின் அபாயக் கழிவு மையத்திலோ பேட்டரி வாங்கும் கடையிலோ கொடுங்கள். ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வைக்க முடியும் என்றால் கவர் பற்றிச் சொன்னதைக்கூட மறந்துவிடுங்கள், இதை மறக்காதீர்கள்.

பழைய குக்கர், அடி பிடிச்ச எவர்சில்வர் குண்டா, சட்டி?

உலோகம்தான், விலையும் உண்டு, ஆனால் வாசல் தொட்டிக்கு உரியதல்ல. அந்த இயந்திரங்கள் டப்பா அளவுக்குச் செய்யப்பட்டவை, கனமான இரும்பு உள்ளே விழுந்தால் பட்டை கிழியும். பழைய இரும்பு வாங்கும் யார்டு எல்லா ஊர்ப்பக்கமும் இருக்கிறது, கவுண்டியின் கழிவு மையத்திலும் தனித் தொட்டி இருக்கும். நல்ல நிலையில் இருந்தால் தமிழ்ச் சங்கக் குழுவில் ஒரு செய்தி போடுங்கள், புதிதாக வந்த மாணவர்கள் அன்று மாலையே வந்து எடுத்துக்கொள்வார்கள்.

பீட்சா பெட்டி, காபி கப், பால் அட்டை, கிழிச்ச பேப்பர்... இதெல்லாம்?

பீட்சா பெட்டி: லேசான எண்ணெய்க் கறை பரவாயில்லை என்று காகிதத் தொழிலே சொல்கிறது. சீஸ் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். காபி கப்: உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உண்டு, பல ஊர்களில் எடுப்பதில்லை. பால், ஜூஸ் அட்டைப்பெட்டி: ஊரைப் பொறுத்தது. துண்டாக்கும் இயந்திரத்தில் போட்ட காகிதம்: இழை சின்னதாகி எல்லாச் சல்லடையிலும் ஒழுகிவிடும், வேண்டாம்.

சந்தேகமா இருந்தா போட்டுடறேன். அங்க ஆளுங்க பிரிச்சுப்பாங்கல்ல?

சந்தேகம் இருந்தால் குப்பையில் போடுங்கள். இப்படிச் சொல்லும்போது பலருக்கு முகம் மாறுகிறது, பூமிக்குத் துரோகம் செய்வதுபோல் நினைக்கிறார்கள். ஆனால் ஆகாத ஒரு பொருள் உள்ளே வந்தால் அதைச் சுமக்க, பிரிக்க, மறுபடி குப்பைக்கிடங்குக்கு ஏற்ற என்று மூன்று முறை செலவு. கூடவே நல்ல பொருளையும் கெடுக்கும். நாடு முழுக்கச் சராசரியாகத் தொட்டியில் வரும் எடையில் சுமார் 17 சதவீதம் இப்படி வரக் கூடாதவைதான் என்று 2020ல் ஒரு கணக்கு வந்தது.

எங்கள் வேலையே இதைச் சொல்வதுதான்: தொட்டி நிரம்பியிருக்க வேண்டியதில்லை, சுத்தமாக இருந்தால் போதும்.

ஏம்மா, ஊர்ல பேப்பர்காரருக்குப் போட்டா காசு தருவாரு. இங்க நாம காசும் கொடுத்து கழுவியும் கொடுக்கணுமா?

பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெரியவர்கள் தவறாமல் கேட்பது. நியாயமான கேள்வி. ஊரில் பழைய பேப்பர் கடை வரை எல்லாம் கையாலேயே பிரிந்து, வகைவகையாக எடைபோட்டு வருகிறது, அதனால் விலை கிடைக்கிறது. இங்கே எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கலந்து கொடுக்கிறோம், பிரிக்கும் கூலியும் இயந்திரச் செலவும் பொருளின் விலையைச் சாப்பிட்டுவிடுகின்றன. அட்டையும் அலுமினியமும் ஓரளவு சம்பாதிக்கும், மற்றவை பெரும்பாலும் அவற்றின் தயவில் ஓடுகின்றன. புதிதாகத் தாதுவிலிருந்து எடுப்பதைவிடச் சுமார் 95 சதவீதம் குறைவான சக்தியில் பழைய அலுமினியத்தை உருக்கலாம் என்பதால் சோடா டப்பாவுக்கு எப்போதும் மவுசு உண்டு.

காசு திரும்பக் கிடைக்கும் வழியும் இல்லாமல் இல்லை. பத்து மாநிலங்களில் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் சட்டம் இருக்கிறது. 1971ல் ஒரேகான் தொடங்கியது. மிச்சிகனில் ஒரு பாட்டிலுக்கு 10 சென்ட். அந்த மாநிலங்களில் இருந்தால் தொட்டியில் போடாமல் கடை இயந்திரத்தில் போடுங்கள்.

ஒரே லாரி வந்து ரெண்டு பின்னையும் எடுத்துட்டுப் போறதை நானே பார்த்தேன். இதெல்லாம் ஏமாத்துதானே?

சில லாரிகளுக்குள் நடுவே தடுப்பு வைத்து இரண்டு அறைகள் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றாய்ப் போவதுபோல்தான் தெரியும். ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி லாரி காலையில் ஒன்று, மதியம் ஒன்று வருவதும் உண்டு. ஆனால் ஓட்டுநர் உங்கள் நீலத் தொட்டியை எட்டிப்பார்த்து, அசுத்தம் என்று குப்பையோடு கொட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. நகராட்சியை அழைத்து தேதியையும் தெருப்பெயரையும் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, பதில் சொல்ல அவர்களிடம் லாரிப் பதிவும் இருக்கும்.

எல்லாம் கடைசியில குப்பைமேட்டுக்குத்தான் போகுதுன்னு வாட்ஸ்அப்புல வந்துச்சே?

பாதி உண்மை, அதுதான் சிக்கல். பல வருடங்களாக அமெரிக்கா கலப்பான காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் கப்பலில் ஏற்றிச் சீனாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 2018ல் சீனா பல வகைகளைத் தடைசெய்து, மீதிக்கு அரை சதவீத அசுத்தம்தான் அனுமதி என்றது. மேலே சொன்ன 17 சதவீதத்தையும் இந்த அரையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதிகள் தேங்கின, சில ஊர்கள் திட்டத்தையே நிறுத்தின, சில ஊர்களில் எரித்தார்கள். அந்தக் காலச் செய்திகள்தான் இன்னும் சுற்றுகின்றன.

அதன் பிறகு உள்நாட்டிலேயே அட்டை ஆலைகள் பெருகியிருக்கின்றன. காகிதம், அட்டை, உலோகம், பாட்டில் இவற்றுக்கு வாங்குபவர் இருக்கிறார்கள். மற்றப் பிளாஸ்டிக்குகளின் கதை இன்னும் பரிதாபம்தான்: 2018 கணக்குப்படி மொத்தப் பிளாஸ்டிக்கில் 8.7 சதவீதமே மறுசுழற்சி ஆனது. நகரக் குப்பை முழுவதற்கும், உரமாக்கியதையும் சேர்த்து, அதே வருட விகிதம் 32.1 சதவீதம். 2030க்குள் அதை 50 ஆக்குவது இபிஏ வைத்திருக்கும் இலக்கு.

நாங்க அபார்ட்மென்ட். வாசலும் இல்ல, நீல பின்னும் இல்ல.

உங்கள் குறை உண்மையானது. அடுக்குமாடிகளில் 37 சதவீதம் வீடுகளுக்குத்தான் மறுசுழற்சி வசதி இருக்கிறது என்று தி ரீசைக்கிளிங் பார்ட்னர்ஷிப் என்ற அமைப்பின் 2024 அறிக்கை சொல்கிறது. அடுக்குமாடிக் குப்பையை நகராட்சி எடுக்காமல் தனியார் நிறுவனம் எடுப்பது வழக்கம் என்பதால் முடிவு கட்டட நிர்வாகத்திடம் இருக்கிறது. ஒருவர் கேட்டால் மின்னஞ்சல் ஓரமாய்ப் போகும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் பார்த்து, பத்துப் பேர் கையெழுத்தோடு கேளுங்கள். அதுவரை கவுண்டி மையத்தில் கொண்டுபோய்ப் போடலாம்.

நீங்க யாரு, உங்களுக்கு யாரு சம்பளம் தர்றா? கிராண்ட்னா என்ன?

2021 நவம்பரில் வந்த உள்கட்டமைப்புச் சட்டத்தில் மறுசுழற்சிக் கல்விக்கென்றே ஐந்து வருடங்களுக்கு 7.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். இபிஏ அதை மாநிலங்கள், உள்ளாட்சிகள், பழங்குடி அரசுகள், லாபநோக்கற்ற அமைப்புகள் ஆகியோருக்குப் போட்டி விண்ணப்பம் மூலம் தருகிறது. முதல் சுற்றில் ஒரு விண்ணப்பத்துக்கு 2.5 லட்சம் முதல் 20 லட்சம் டாலர் வரை. வருமானம் குறைந்த பகுதி, கிராமப்பகுதி, பழங்குடிப் பகுதிகளுக்குக் குறைந்தது 20 சதவீதம் போக வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எங்களைப்போல் கதவு தட்டுகிறவர்களின் கூலி இந்த மாதிரிப் பணத்திலிருந்து வருகிறது. வாசலில் யாரிடமும் பணமோ கையெழுத்தோ வாங்க மாட்டோம். வாங்கினால் அது நாங்கள் இல்லை.

அந்தப் பணத்துல ஒரு லாரி வாங்கியிருக்கலாமே? பேசறதுக்கா கோடிக்கணக்குல?

லாரிக்கும் ஆலைக்கும் அதே சட்டத்தில் 27.5 கோடி டாலர் தனியாக இருக்கிறது. கல்விக்கு ஒதுக்கியதை லாரிக்கு மாற்ற முடியாது, கிராண்டில் எதற்கென்று எழுதி வாங்கினோமோ அதற்குத்தான் செலவு.

பேச்சு தேவையா என்றால், அந்த 2024 அறிக்கையையே மறுபடி எடுக்கிறேன். வீடுகளில் மறுசுழற்சி செய்யக்கூடிய பொருளில் 76 சதவீதம் வீட்டைத் தாண்டுவதே இல்லை, நேராகக் குப்பைத் தொட்டிக்குள் போய்விடுகிறது. புது லாரி வந்தாலும் அதற்குள் போட வேண்டியதை நாம்தானே போட வேண்டும்?

நோட்டீஸ் அடிச்சு தபால்ல போட்டா போதாதா? வீடு வீடா எதுக்கு வர்றீங்க?

தபாலில் வரும் நோட்டீஸ் எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியும். நல்லவேளை, அது காகிதம்.

விளையாட்டை விட்டுச் சொன்னால், இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வெஸ்லி ஷூல்ட்ஸ் என்ற உளவியலாளர் கலிஃபோர்னியாவின் லா வெர்ன் நகரில் செய்த ஆய்வு 1999ல் வெளியானது. சில வீடுகளுக்கு வேண்டுகோள் மட்டும், சில வீடுகளுக்கு வேண்டுகோளோடு தகவலும், சில வீடுகளுக்கு அவர்களுடைய தொட்டியில் எவ்வளவு சேர்ந்தது அல்லது தெருவே எவ்வளவு சேர்த்தது என்று கதவில் அட்டை மாட்டினார்கள். கணிசமான மாற்றம் வந்தது, கணக்கைத் திருப்பிச் சொன்ன வீடுகளில்தான். தகவல் தந்தாலே பழக்கம் மாறிவிடும் என்று நம்பிக் கிராண்டையெல்லாம் பளபளப்பான அச்சில் கரைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆயாசமாக இருக்கிறது. உங்கள் தொட்டியில் இன்று என்ன இருந்தது என்று உங்களிடமே சொல்வதற்கு ஈடாக வேறெதையும் நான் பார்த்ததில்லை.

என் தொட்டியைத் திறந்து பார்க்க உங்களுக்கு என்ன உரிமை?

தெருவோரம் வைத்துவிட்ட குப்பைக்கு அந்தரங்கப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988ல் கலிஃபோர்னியா எதிர் கிரீன்வுட் வழக்கில் சொன்னது. ஆனால் மாநில அரசியலமைப்பு இன்னும் கறாராக இருக்கலாம். சியாட்டிலில் குப்பைக்குள் உணவுக் கழிவு இருக்கிறதா என்று ஊழியர்கள் தேடிப் பார்த்த விதிக்கு எதிராக வழக்குப் போட்டு, 2016ல் மக்கள் ஜெயித்தார்கள்.

எங்கள் வழக்கம் இது: எடுக்கும் நாளன்று தெருவோரம் வைத்த தொட்டியின் மூடியைத் தூக்கி மேலே தெரிவதைப் பார்ப்போம். கையை விட்டுக் கிளற மாட்டோம், கடிதத்தைப் படிக்க மாட்டோம், படம் எடுக்க மாட்டோம். பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், உங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவோம்.

கைப்பிடியில 'ஊப்ஸ்'னு ஒரு அட்டை தொங்குச்சு. அபராதமா? எல்லாரும் பார்த்திருப்பாங்களே.

அபராதம் இல்லை. எது தவறு என்று அட்டையில் குறித்திருக்கும், பெரும்பாலும் கவர்தான். அதை எடுத்துவிட்டு அடுத்த வாரம் வைத்தால் சரி. தொடர்ந்து வந்தால் சில ஊர்களில் தொட்டியை எடுக்காமல் விடுவார்கள், சில ஊர்களில் கட்டணமும் உண்டு. அந்த விதி நகராட்சியுடையது, எங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை.

வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு தெருவில் முதல் சுற்றில் அட்டை வாங்காத வீடுதான் அபூர்வம். சரியாக வைத்தவர்களுக்கும் நன்றி அட்டை மாட்டுகிறோம், பிள்ளைகள் அதைக் கழற்றிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிடுகிறார்கள்.

கிராண்ட் பணம்தானே, ஆளுக்கொரு டி-ஷர்ட், தண்ணி பாட்டில் கொடுத்தா கூட்டம் சேருமே?

பரிசுப் பொருள், நினைவுப் பொருளுக்குக் கூட்டாட்சி கிராண்ட் பணத்தைச் செலவிடக் கூடாது என்று விதி இருக்கிறது. கணக்குத் தணிக்கையில் முதலில் மாட்டுவது இதுதான். சட்டமன்ற உறுப்பினரிடம் புதுச் சட்டம் கேட்டுப் பேசுவதற்கும் அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. கூட்டம் சேர்ப்பதற்கு டி-ஷர்ட் தேவையுமில்லை. பொங்கல் விழாவில் உணவு முடிந்த இடத்தில் மூன்று தொட்டியை வைத்து ஒரு ஆளை நிறுத்தினால் ஊரே அங்கே வந்துதான் ஆக வேண்டும்.

தமிழ்ல போட்ட அட்டை கிடைக்குமா? எங்க மாமியாருக்கு இங்கிலீஷ் வராது.

கேளுங்கள். மொழிபெயர்ப்பும் அச்சும் கிராண்டில் சேர்க்கக்கூடிய செலவுகள்தான், கேட்பவர் இல்லாததால் தமிழ் பட்டியலில் வராமல் போகிறது. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே அச்சுக்கு அனுப்பாமல், தமிழ் வீட்டில் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். ஆனால் என் அனுபவத்தில் எழுத்தைவிடப் படம் பேசும். அதிலும் பொதுவான பாட்டில் படத்தைவிட, நம் அடுக்களையில் நிஜமாக இருக்கும் பொருளின் படம்: நெய் ஜாடி, அரிசி மூட்டையின் சாக்கு, தேங்காய்ப்பால் டப்பா. முதலாவதும் (கண்ணாடி என்றால் உங்கள் ஊரில் எடுப்பார்களா என்று பார்த்து) மூன்றாவதும் போடலாம், சாக்கு கூடாது. காரணம் கவருக்குச் சொன்னதேதான்.

கோக், பெப்சிக்காரங்க பாட்டில் செஞ்சு தள்ளுவாங்க, கழுவி வைக்கிறது மட்டும் நாமளா?

இந்தக் கேள்விக்கு வாசலில் நின்று சண்டை போட எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் பெருமளவு உங்கள் பக்கம்தான் நியாயம். நான் மேலே காட்டிய அறிக்கையை வெளியிட்ட அமைப்புக்கே குளிர்பான, பொட்டலத் தொழில் நிறுவனங்களின் பணம் வருகிறது. பழியை வீட்டுக்காரர் தலையில் கட்டுவது அந்தத் தொழிலுக்கு வசதி என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

மாற்றம் மெதுவாக வருகிறது. பொட்டலம் செய்பவரே மறுசுழற்சிச் செலவை ஏற்க வேண்டும் என்று 2021ல் மெயினும் ஒரேகானும் சட்டம் போட்டன. 2022ல் கொலராடோ, கலிஃபோர்னியா, 2024ல் மினசோட்டா, 2025ல் மேரிலாண்டும் வாஷிங்டனும் சேர்ந்தன. அந்தச் சட்டம் வந்த இடத்திலும் கவரைக் கழற்றித்தான் ஆக வேண்டும், ஆலையின் தட்டுக்கு யார் பணம் கட்டினார்கள் என்பது தெரியாது.

கிராண்ட் முடிஞ்சதும் நீங்க வரமாட்டீங்க. அப்புறம்?

பெரும்பாலான கிராண்டுகள் மூன்று வருடத்துக்குள் முடிந்துவிடும், கதவு தட்டும் ஆட்களும் அதோடு போய்விடுவார்கள். அதனால் எங்கள் கவுண்டியிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டு. தொட்டி அட்டையை லாரி ஓட்டுநர்களே தொடர்ந்து மாட்டும்படி எடுக்கும் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஆலையில் எடுத்த முன்பின் எடைக் கணக்கை, அட்டை மாட்டாத தெருவின் கணக்கோடு சேர்த்து வெளியிடுங்கள். கணக்கு இருந்தால் அடுத்த வருட நகராட்சி பட்ஜெட்டில் ஒரு ஊழியருக்காவது வாதாடலாம்.

நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. பட்ஜெட் கூட்டம் எல்லாருக்கும் திறந்தது, ஆளுக்குப் பொதுவாக மூன்று நிமிடம் பேசத் தருவார்கள். நம் தெருக்களிலிருந்து அங்கே யாரும் போவதில்லை. தேதி நகராட்சி அறிவிப்புப் பலகையில் இருக்கும். பேசப் போகிறவர்கள் முந்தின வாரமே எனக்கு ஒரு வார்த்தை சொன்னால், உங்கள் தெருவின் அட்டைக் கணக்கை எடுத்துத் தருகிறேன்.